குழந்தைக்குக் கோதுமை எப்போது கொடுக்கலாம்?

(ஊட்டச்சத்து மாதத்தை ஒட்டி நமது சங்கம் நடத்திய தாய்-சேய் நலக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரான நம் உறுப்பினர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



இந்த மழையிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும், அவர்களைவிட ஆர்வமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களுக்கும் நன்றி. இருட்டுவதற்குள் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். யானை நம் கூட்டம் முடியும்வரை காத்திருக்காது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு தாய் கேட்ட கேள்விதான் இன்றைய தலைப்பு. "பாப்பாவுக்கு ஆறு மாசம் முடியப் போகுது, கோதுமை எப்ப குடுக்கலாம்?" என்று கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் ஒருவர் ஆறு மாதம் என்றார், ஒருவர் ஒன்பது என்றார், இன்னொருவர் கோதுமை சூடு, ஒரு வயது வரை தொடவே கூடாது என்றார். கேட்டவர் அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை. குழம்பிப் போயிருப்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம், அதாவது 180 நாள் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு மசித்த சோறு, கேழ்வரகுக் கூழ், பருப்பு என்று தொடங்குங்கள். அவை ஒத்துக்கொண்ட ஒன்றிரண்டு வாரத்தில், ஏழாவது மாதத்திலேயே, கோதுமையும் சேரலாம். கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஒன்பது மாதம், ஒரு வயது என்று தள்ளிப்போட்டால் எந்த லாபமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு வயதுவரை கோதுமை தொடாமல் வளரும் குழந்தை எத்தனை இருக்கிறது? நான் இருபது வருடம் வீடு வீடாகப் போனவள். "கோதுமை இன்னும் குடுக்கலை சிஸ்டர்" என்று சொல்லும் வீட்டிலேயே குழந்தையின் கையில் பிஸ்கட் இருக்கும். பிஸ்கட், ரஸ்க், பன், நம் ஊட்டி வர்க்கி எல்லாம் கோதுமைதான். மைதா என்பது தவிடும் முளையும் நீக்கிய கோதுமை. அந்தக் குழந்தைக்குக் கோதுமை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. சத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரை சேர்த்து, டீயில் நனைத்துக் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். எந்த மாதம் என்பதைவிட எந்த வடிவத்தில் என்பதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்வரிசைப் பாட்டிமார்களில் பலருக்கு நான்கு மாதத்தில் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். அதில் தவறில்லை, அன்றைய சுகாதாரத் துறைப் பாடமே நான்கு முதல் ஆறு மாதம் என்றுதான் இருந்தது. 2001-ல் உலக சுகாதார அமைப்பு இருந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் என்று முடிவு செய்தது. வயிற்றுப்போக்கு குறைகிறது என்பது முக்கியக் காரணம். நம்மைப் போல ஓடைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நம்பியிருக்கிற ஊருக்கு அது பெரிய காரணம். ஆகவே மருமகளிடம் "நான் உன் புருஷனுக்கு நாலு மாசத்துலயே குடுத்தேன்" என்று சொல்லும் மாமியாரும் பொய் சொல்லவில்லை, ஆறு மாதம் என்று சொல்லும் மருமகளும் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. சண்டை வேண்டாம்.

நம் வழக்கமும் இதற்கு ஒத்தே போகிறது. அன்னப்பிராசனம் ஆறாம் மாதத்தில்தான் செய்கிறோம். இங்கிருந்து குருவாயூருக்குச் சோறூணுக்குப் போகிற குடும்பங்களும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் போகிறார்கள். அந்த வயதில்தான் குழந்தைக்குத் தலை நன்றாக நிற்கிறது, பிடித்துக்கொண்டால் உட்காருகிறது, கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டு போகிறது, நாம் சாப்பிடும்போது நம் தட்டையே வெறித்துப் பார்க்கிறது. அதற்கு முன்பு கரண்டியை வைத்தால் நாக்கால் வெளியே தள்ளும். அந்தத் தள்ளல் நின்றுவிட்டதா என்று பாருங்கள். நின்றால் விழுங்கத் தயார்.

வழக்கத்தில் விட வேண்டியதும் உண்டு. பிறந்தவுடன் சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, உரை மருந்து என்று வசம்பும் ஜாதிக்காயும் உரைத்து ஊட்டுவது, இவையெல்லாம் ஆறு மாதத்துக்குள் வேண்டாம். நம் காட்டுத் தேனுக்கு நானும் ரசிகைதான். ஆனால் ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, கை கால் தளர்ந்து மூச்சு வரை பாதிக்கலாம். அபூர்வம்தான், ஆனாலும் ஒரு சொட்டுத் தேனுக்காக ஏன் அந்த ஆபத்து?

இனி, சீக்கிரம் கொடுப்பதைவிட நம் பக்கத்தில் அதிகமாகப் பார்த்த பிரச்சினைக்கு வருகிறேன். ஒரு தோட்டக் குடியிருப்பில் ஒன்பது மாத ஆண் குழந்தை. ஆறாவது மாதம் எடை பார்த்தபோது ஏழு கிலோ. ஒன்பதாவது மாதமும் அதே ஏழு கிலோ. அம்மா காலை ஏழரைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள், பார்த்துக்கொள்வது பாட்டி. அந்தப் பாட்டியைப் போல அக்கறையானவரை நான் அதிகம் பார்த்ததில்லை, குழந்தையைக் கீழே விடவே மாட்டார். "என்னம்மா சாப்பிடுறான்?" என்றேன். காலையில் டீயில் ரெண்டு ரஸ்க், மத்தியானம் கஞ்சித் தண்ணி, சாயங்காலம் பிஸ்கட். "வயிறு நெறஞ்சுதான் தூங்குறான்" என்றார். நிஜம்தான், வயிறு நிறைந்திருந்தது. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது.

அந்த வீட்டில் இல்லாத பொருள் எதையும் நான் சொல்லவில்லை. கஞ்சித் தண்ணிக்குப் பதில் அதே சோற்றைப் பருப்போடு குழைத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கீரையை மசித்துச் சேர்க்கச் சொன்னேன். அங்கன்வாடி சத்துமாவு மூட்டையாக மூலையில் இருந்தது, அதைக் காய்ச்சச் சொன்னேன். வீட்டில் நான்கு கோழி இருந்தது, முட்டை கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாரத்தில் நாலு முட்டையை நிறுத்தச் சொன்னேன். டீயை முழுக்க நிறுத்தச் சொன்னேன், அதற்குத்தான் பாட்டி கொஞ்சம் வருத்தப்பட்டார். இரும்புச்சத்து மருந்தும் தொடங்கினோம். இரண்டு மாதத்தில் எட்டு கிலோவைத் தொட்டான்.

எதனால் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் நீங்களே வழி கண்டுபிடிப்பீர்கள். குழந்தை பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் மற்றதெல்லாம் உண்டு, இரும்பு மட்டும் குறைவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 போதும். மூட்டை தூக்குகிற அப்பாவைவிடத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அதிகம் தேவை என்றால் நம்புவீர்களா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 67 சதவீதம். நாம் பரவாயில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் எண் இல்லை இது.

இப்போது டீ. தேயிலையை நம்பி வாழ்கிற ஊரில் நின்றுகொண்டு டீயைக் குறை சொல்கிறேன், மன்னிக்கவும். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பெரியவர்களும் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது. குழந்தைக்கு ஒரு சொட்டும் வேண்டாம், பால் டீயும் வேண்டாம், கட்டனும் வேண்டாம். இரண்டு வயதுவரை இதில் நான் பேரம் பேச மாட்டேன்.

கோதுமைக்கு வருவோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. முழுக்கோதுமை மாவில் சுமார் 4 மில்லிகிராம். மைதாவில் அதில் பாதிக்கும் கீழே. புரதமும் அரிசியைவிடக் கோதுமையில் அதிகம். கேழ்வரகில் இரும்பு கோதுமைக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்கும், சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கு மேல், வேறெந்தத் தானியமும் கிட்டே வராது. ஆனால் தானியத்தில் உள்ள இரும்பு அவ்வளவு சுலபமாக உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சை, கொய்யா, நெல்லி, தக்காளி என்று புளிப்புச் சத்து ஏதாவது இருந்தால் நன்றாகச் சேரும். மீனோ ஈரலோ இருந்தால் இன்னும் நல்லது. கஞ்சி ஊட்டி முடித்ததும் நன்றாகப் பழுத்த கொய்யாவின் சதையை விதை நீக்கி மசித்து இரண்டு வாய் கொடுங்கள்.

இங்கே நம் மாவட்டத்துப் பெருமை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. அது பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியாகத் தொடங்கினார். 1958-ல்தான் ஐதராபாத்துக்குப் போனது. அந்தக் குன்னூர் நாட்களில் மெக்கரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் மளமளவென்று வளர்ந்தன. நம் சென்னை மாகாணத்துச் சாப்பாடு சாப்பிட்டவை கடைசியில் நின்றன.

இதைக் கேட்டுவிட்டுக் கோதுமைதான் அமிர்தம், அரிசி மோசம் என்று கிளம்பிவிடாதீர்கள். சீக்கியர் தட்டில் முழுக்கோதுமைச் சப்பாத்தியோடு பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி எல்லாம் இருந்தன. நம் தட்டில் வெள்ளைச் சோறு நிறைய, மற்றது கொஞ்சம். எலி வளர்ந்தது அந்தக் கூட்டணியால். நூறு வருடம் கழித்தும் நம் வீட்டுக் குழந்தைகளின் கிண்ணத்தில் அதே வெள்ளைச் சோறு நிறைய, மற்றது கொஞ்சம் என்றுதான் இருக்கிறது. எனக்கு அதுதான் ஆதங்கம்.

கோதுமை வடக்கத்திச் சாமான், நம் வயிற்றுக்கு ஆகாது என்று ஒரு பேச்சும் உண்டு. படகர் மக்கள் சாமை, கேழ்வரகோடு பார்லியும் கோதுமையும் இந்த மலையில் பயிர் செய்தவர்கள். வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கோதுமையைத் தாக்கும் துரு நோயின் கிருமி நம் மலைக்காற்றிலிருந்துதான் மத்திய இந்தியாவுக்குப் போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அது வேறு கதை.

சரி, பயப்பட ஏதுமே இல்லையா? இருக்கிறது, சிலருக்கு. கோதுமையில் உள்ள பசைப் புரதம், சப்பாத்தி மாவை இழுவையாக வைக்கிறதே அந்த குளூட்டன், சிலர் உடம்புக்கு ஆகாது. குடலின் உட்சுவர் தேய்ந்து, சாப்பிட்டது சேராமல், வயிறு உப்பி, எடை ஏறாமல், ஓயாமல் போகும். சீலியாக் நோய் என்று பெயர். இதற்கும் கோதுமைக்கும் தொடர்பு தெரிந்த கதை உருக்கமானது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. இந்த நோயோடு இருந்த குழந்தைகள் மட்டும் அந்தப் பஞ்சத்தில் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. டிக்கே என்ற குழந்தை மருத்துவர் முன்பே சந்தேகப்பட்டிருந்ததை அது உறுதி செய்தது.

பிறகு 1980-களின் நடுவில் சுவீடனில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இந்த நோய் திடீரென்று நான்கு மடங்காகி, 1990-களின் நடுவில்தான் இறங்கியது. தாய்ப்பாலை நிறுத்திய கையோடு ஒரேயடியாக நிறையக் கோதுமைக் கூழ் கொடுத்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். அதிலிருந்துதான் "இந்த மாதம்தான், அந்த மாதம்தான்" என்ற விதிகள் கிளம்பின. 2014-ல் இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகள் வந்தன. குடும்பத்தில் இந்த நோய் உள்ள குழந்தைகளையே எடுத்துக்கொண்டு, சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குத் தாமதமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். தாமதித்ததால் நோய் சற்றுப் பிந்தி வந்தது, ஆனால் வருவது குறையவில்லை. அதன் பிறகு ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் நான்கு மாதம் முடிந்ததிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், முதல் சில வாரம் அதிக அளவு வேண்டாம் என்று மாற்றிச் சொன்னார்கள். நமக்குத் தாய்ப்பால் ஆறு மாதம் என்பதால் அது ஆறிலிருந்து பன்னிரண்டு ஆகிறது.

நம் நாட்டில் இந்த நோயின் அறிகுறி ரத்தத்தில் தெரிகிறவர்கள் வடக்கே நூற்றுக்கு ஒருவர், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பதாக 2016-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே நம் வீட்டுக் குழந்தைக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் கோதுமை தொடங்கிய சில மாதங்களில் எடை நின்று, வயிறு உப்பி, வயிற்றுப்போக்கு விடாமல் இருந்தால் டாக்டரிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பரிசோதனைக்கு முன் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் பரிசோதனையில் தெரியாமல் போகும். கோதுமை அலர்ஜி வேறு. அது சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று காட்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. அதனால்தான் புதிய உணவைக் காலையில் கொடுக்கச் சொல்கிறோம். இங்கிருந்து கூடலூருக்கு ராத்திரியில் வண்டி பிடிப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

எப்படிக் கொடுப்பது? முழுக்கோதுமை அல்லது சம்பா கோதுமையைக் கழுவி, ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, வாசம் வர வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளலாம். நம் மழைக்காலத்தில் உலராது, அடுப்புக்கு மேல் பரணில் தட்டில் பரப்புங்கள். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கேழ்வரகுக்கும் இதே முறைதான். 2023 மே முதல் நம் மாவட்டத்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், அதை வாங்கி இதற்கு வையுங்கள்.

முளைகட்டச் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்சம் மாவிலேயே கெட்டியாகிவிடும், குழந்தை விழுங்காது என்று நாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவோம். கிண்ணம் நிறைய இருக்கும், உள்ளே மாவு ஒரு ஸ்பூன்தான். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டு. அதனால் அதிக மாவு போட்டாலும் கஞ்சி இளகி இருக்கும். அந்தச் சின்ன வயிற்றுக்கு, ஒரு கிலோ எடைக்கு 30 மில்லி என்று கணக்கு, ஏழு கிலோ பிள்ளைக்கு 200 மில்லிதான் கொள்ளும், அதற்குள் சத்தை அடக்க நம் பாட்டிகள் கண்ட வழி இது.

முதல் நாள் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன். மூன்று நாள் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே கஞ்சியில் வறுத்த பாசிப்பருப்புப் பொடி, பிறகு கேரட், பிறகு கீரை, ஒரு சொட்டு நெய். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை வேண்டாம். உங்கள் நாக்கால் ருசி பார்த்து "சப்புனு இருக்கு" என்று சொல்லாதீர்கள், அதற்கு அதுதான் உலகத்திலேயே புது ருசி. எட்டு மாதம்வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. இடையில் தாய்ப்பால் தொடரட்டும், இரண்டு வயது தாண்டியும்.

நம்மிடம் இருக்கிற கைப்பக்குவங்கள் குறைந்தவை அல்ல. மலையாள வீடுகளில் நேந்திரங்காயைச் சீவி உலர்த்திப் பொடித்துக் குறுக்குக் காய்ச்சுவார்கள், அருமையான உணவு. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், பருப்போ முட்டையோ கூடவே வேண்டும். வயல் நண்டும் ஆற்று மீனும் கீரையும் சாப்பிட்டுப் பழகிய ஆதிவாசிக் குடும்பங்கள் அதை விட்டுவிட்டுப் பாக்கெட் பிஸ்கட்டுக்கு மாறியிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. முள் எடுத்து வேகவைத்து மசித்த மீன் ஏழு மாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம். நன்றாக வெந்த முட்டையும் கொடுக்கலாம். நிலக்கடலையையும் தள்ளிப்போட வேண்டாம். 2015-ல் லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், முதல் வயதிலேயே கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்குக் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. ஆனால் விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலந்துதான். முழுக் கடலை புரையேறும், ஐந்து வயதுவரை கையில் கொடுக்காதீர்கள்.

அங்கன்வாடி சத்துமாவைப் பற்றிச் சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். சில வீடுகளில் அது மாட்டுக்குப் போகிறது. மாடு நன்றாகத்தான் இருக்கிறது! அதில் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் சேர்த்து, வைட்டமினும் கலந்திருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்கும்படி கொடுக்க வேண்டும் என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே அதில் எழுதியிருந்தார்கள். அது தர்மம் இல்லை, உங்கள் குழந்தையின் உரிமை, கேட்டு வாங்குங்கள். கோதுமை எப்போது என்ற கேள்விக்கு அரசு தன் பதிலை அந்தப் பொட்டலத்திலேயே எழுதிவிட்டது. வெல்லம் ஏற்கெனவே இருப்பதால் மேலே சர்க்கரை போடாதீர்கள்.

டப்பா உணவு? அவசரத்துக்குத் தவறில்லை, தினமும் தேவையில்லை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் செர்லாக் வகைகளில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராம் அளவுக்குச் சர்க்கரை சேர்த்திருப்பதாக வெளியிட்டது. பிறகு சர்க்கரை சேர்க்காத வகைகளும் வந்தன. எந்த நிறுவனமானாலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1992 சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

கடைசியாக, வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு. 2017 முதல் பேறுகால விடுப்பு 26 வாரம், அதாவது ஆறு மாதம். அதற்குப் பிறகும் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளை மடுவம் வைக்க வேண்டும் என்பது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. தினக்கூலிக்கு, சின்னத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு இதெல்லாம் ஏட்டில்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். மழை மாதங்களில் சங்கக் கட்டடத்தில் ஒரு மூலையில் முளைதானியம் உலர்த்தவும், வாரம் ஒருநாள் ஐந்து கிலோ மாவு பொதுவாக அரைத்துப் பகிர்ந்துகொள்ளவும் ஏற்பாடு செய்யலாம். தலைவர் தலையாட்டியிருக்கிறார், எல்லோரும் பார்த்தீர்கள்.

கூட்டத்தில் வந்த மூன்று கேள்விகளுக்கான பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒரு தந்தை கேட்டார். எத்தனை வாரம் முன்னால் பிறந்தது, இப்போது எடை என்ன, தலை நிற்கிறதா என்று பார்த்து டாக்டர்தான் நாள் சொல்ல வேண்டும். இரும்பு மருந்து அவர்களுக்கு முன்கூட்டியே தேவைப்படும்.

அரசு தரும் இரும்புச்சத்து சிரப், வாரம் இரண்டு முறை ஒரு மில்லி, எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கலாமா என்றார் ஒருவர். ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் நேரத்தில் நிறுத்தி வையுங்கள். நம் பகுதியில் அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் டாக்டரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, முன்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டது. "பல் வராத பிள்ளைக்கு எப்படிம்மா சப்பாத்தி?" ஒன்பது மாதத்தில் மிருதுவான சப்பாத்தியைப் பருப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கையால் பிசைந்து கொடுங்கள். ஈறு அதைப் பார்த்துக்கொள்ளும். பிசையும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பாட்டி.